ராடு காய்ந்திருக்கணும், மணல் நனைந்திருக்கணும்: முதலாண்டு வொர்க்‌ஷாப் வழிகாட்டி

கம்ப்யூட்டர் படிக்க வந்தவருக்கு வெல்டிங் எதற்கு என்ற கேள்வி வருஷா வருஷம் எல்லாப் பொறியியல் கல்லூரியிலும் கேட்கும். அதற்கு இங்கே பதில் சொல்லப் போவதில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது, செய்துதான் ஆக வேண்டும். கண்ணும் தோலும் பத்திரமாக, ஒரு பட் ஜாயின்ட்டையும் (இரண்டு துண்டை ஓரத்தோடு ஓரம் சேர்க்கும் வெல்டு) ஒரு மணல் மோல்டையும் (உலோகம் வார்க்கும் அச்சு) உருப்படியாக முடித்துவிட்டு ஷெட்டை விட்டு வெளியே வருவது எப்படி? அதுதான் விஷயம்.

காலாப்பட்டில் படித்தாலும், பண்ருட்டியில் படித்தாலும், சிதம்பரத்தில் படித்தாலும் நமக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பக்கத்தில் கடல். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். நேற்று அராவிப் பளபளவென்று வைத்த இரும்பு இன்று செம்மண் நிறத்தில் இருக்கும். வெல்டிங்கில் ஈரம் ஆகவே ஆகாது. மோல்டிங்கில் அளவான ஈரம் இல்லாமல் முடியாது. முதலாண்டு லேபில் கெட்டுப்போகும் வேலைகளில் நிறைய இந்த இரண்டில் ஒன்றால்தான் கெடுகின்றன. புத்தகங்கள் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கும்.

உடையும் கண்ணும்

காக்கி யூனிபார்ம் எடுக்கும்போது துணி பருத்திதானா என்று கேட்டு வாங்குங்கள். பாலியஸ்டர் மேல் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அந்த இடத்தில் கருகுவதோடு சரி. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தாலும் இதைப் பார்த்தே எடுங்கள். தோல் ஷூ கட்டாயம். பேன்ட் ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் பொறி நேராக சாக்ஸுக்குள் இறங்கும். கால் பக்கம் மடித்துவிடுவதும் வேண்டாம். துப்பட்டா கூடாது, பின்னலைத் தொப்பிக்குள் வையுங்கள். மோதிரம், காப்பு, மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாம் பைக்குள். சட்டைப்பையில் லைட்டர் இருக்கவே கூடாது.

முகத்துக்கு முன்னால் பிடிக்கும் ஷீல்டில் இருக்கும் கறுப்புக் கண்ணாடி 10 அல்லது 11ஆம் எண் ஷேடாக இருக்க வேண்டும். கூலிங் கிளாஸெல்லாம் இதற்கு ஆகாது. கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கண்ணாடி இருக்கும். தெறிக்கும் துளிகளைத் தாங்குவதற்காகவே அது. அதில் புள்ளி புள்ளியாக ஒட்டி மங்கியிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கோணல்மாணலாக வெல்டிங் போடுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கை நடுக்கம் காரணமில்லை, எங்கே போகிறோம் என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை.

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறிதான் ஆர்க். அதன் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் ஏராளம். வெல்டிங் போடுகிறவரைவிடப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்தான் இதில் அதிகம் மாட்டுவார். பார்த்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்து, நடுராத்திரியில் கண் எரியும், உறுத்தும், நீர் கொட்டும். உருளைக்கிழங்கு வைத்துக் கட்டு, தாய்ப்பால் விடு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள், கசக்காதீர்கள். மூடிய இமைமேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் கண் டாக்டரைப் பாருங்கள். புதுச்சேரி–கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும், ஆனால் அந்த ஒரு ராத்திரி கொடுமை.

பிளாட்டைத் தயார் செய்வது

வழக்கமாக 50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள எம்.எஸ். பிளாட்டில் (மைல்ட் ஸ்டீல் பட்டையில்) இரண்டு துண்டு தருவார்கள். ஹேக்சாவில் வெட்டிய ஓரம் பிசிறாக இருக்கும். வைஸில் பிடித்து அரம் போட்டு, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஓரத்தை நேராக்குங்கள். ஒளியில் தூக்கிப் பிடித்தால் மட்டத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. சில கல்லூரிகளில் ஓரத்தை 30 டிகிரி சாய்வாக அராவச் சொல்வார்கள். இரண்டு துண்டும் சேரும்போது 60 டிகிரி ‘வி’ பள்ளம் கிடைக்கும். உலோகம் அடிவரை இறங்க அதுதான் வழி.

அராவுவதை வெல்டிங் போடும் அதே நாளில் செய்யுங்கள். போன வாரமே அராவி லாக்கரில் வைத்தேன் என்பது நம் ஊரில் செல்லாது. துரு என்பது வெறும் அழுக்கு இல்லை, அதற்குள் ஈரமும் இருக்கிறது. அது ஆர்க்கின் சூட்டில் வாயுவாகி, வெல்டுக்குள் சிறு துளைகளாகத் தங்கும். வெல்டிங் போகிற இடத்திலிருந்து இருபக்கமும் ஒரு விரலகலம் வயர் பிரஷ் போட்டு இரும்பின் வெள்ளை தெரியத் தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடைக்கவும். ஜிங்க் பூசிய ஜி.ஐ. தகடு கையில் கிடைத்தால் வாங்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரலாம்.

ராடு

ராடு என்பது மேல்பூச்சு உள்ள வெல்டிங் கம்பி. லேபில் பெரும்பாலும் கொடுப்பது ஈ 6013. இந்த எண்ணை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். 60 என்றால் வெல்டு உலோகத்தின் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. 1 என்றால் படுக்கை, செங்குத்து, தலைக்குமேல் என எல்லா நிலையிலும் போடலாம். கடைசி இரண்டு எண்ணும் சேர்ந்து மேல்பூச்சின் வகையைச் சொல்லும். கடையில் 10 கேஜ் என்று கேட்டால் 3.15 மி.மீ. ராடும், 12 கேஜ் என்றால் 2.5 மி.மீ. ராடும் தருவார்கள். முதல் ராடுக்கு 90லிருந்து 130 ஆம்பியர், இரண்டாவதற்கு 60லிருந்து 90 ஆம்பியர். 6 மி.மீ. பிளாட்டுக்கு 3.15 ராடும் 110 பக்கமாக ஆம்பியரும் வைத்துத் தொடங்கலாம். அப்புறம் உருகும் விதத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

பாக்கெட்டைப் பிரித்த ராடு மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. ஹோல்டரில் கடிக்கும் வெற்று முனையில் துரு இருக்கும், மேல்பூச்சில் வெள்ளையாகப் பூத்திருக்கும், ஆர்க் பிடித்தால் படபடவென்று வெடித்துத் துப்பும். அந்த ராடை 100, 110 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் காய வைத்தால் போதும். அதற்குமேல் சுட வேண்டாம். 6013 பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும், முழுக்க வறண்டால் ஆர்க் சரியாக நிற்காது. ஓவனில் 300 டிகிரிக்குமேல் வைப்பதெல்லாம் 7018 மாதிரியான குறை ஹைட்ரஜன் ராடுகளுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஆர்க் பிடிப்பது

எல்லாரும் தடுமாறும் இடம் இது. ஷெட்டில் தினமும் கேட்கும் உரையாடல் இப்படி இருக்கும்:

“சார், ஆர்க் வர மாட்டேங்குது.”

“எர்த்த எங்கப்பா மாட்டியிருக்க?”

“டேபிள்ல சார்.”

“பெயின்ட் மேல கவ்வ வச்சா கரண்ட் எப்படிப் போகும்? சுரண்டிட்டு மாட்டு.”

எர்த் கிளாம்ப் வெறும் இரும்பைக் கவ்வியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராடை ஹோல்டரின் பள்ளத்தில் அழுத்தமாகக் கடிக்க வையுங்கள். கையுறை காய்ந்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஒரு பேட்ச் முடிவதற்குள் கையுறை வியர்வையில் ஊறிவிடும். ஆர்க் பிடிக்காத நேரத்தில் ஹோல்டரில் 50லிருந்து 80 வோல்ட் வரை நிற்கிறது. உலர்ந்த உடம்புக்கு அது பெரிதில்லை, நனைந்த கைக்கு அது வேறு கதை. கையுறை நனைந்தால் மாற்றிக் கேளுங்கள். ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இப்போது ராடின் நுனியை, தொடங்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னால், பிளாட்டுக்கு மேலே நிறுத்துங்கள். ஷீல்டை முகத்துக்குக் கொண்டு வாருங்கள். தீக்குச்சி கிழிக்கிற அசைவில் லேசாக உரசி, வெளிச்சம் வந்த உடனே ராடின் தடிமன் அளவுக்கு, அதாவது சுமார் 3 மி.மீ., தூக்குங்கள். குத்தினால் ஒட்டிக்கொள்ளும். அதிகம் தூக்கினால் அணைந்துவிடும். ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம். மணிக்கட்டை பக்கவாட்டில் வெடுக்கென்று திருப்பினால் வந்துவிடும். வரவில்லையென்றால் ஹோல்டரின் பிடியை அமுக்கி ராடை விட்டுவிடுங்கள். ராடு செக்கச்செவேலென்று ஆகும்வரை இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆர்க் நின்றுவிட்டால் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் உருகி நிற்கும் குட்டையைப் பாருங்கள். அதன் அகலம் ராடைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கும்படி நகர்ந்தால் வேகம் சரி. ராடு எரிந்து குறைந்துகொண்டே வருவதால் கையைக் கீழே இறக்கிக்கொண்டே நகர வேண்டும். புதியவர்கள் பக்கவாட்டில் மட்டும் நகர்கிறார்கள், இறக்குவதை மறந்துவிடுகிறார்கள், ஆர்க் நீண்டு சீறுகிறது, துளிகள் நாலாபக்கமும் தெறிக்கின்றன. ராடின் மேல்முனை போகும் திசைப் பக்கம் லேசாகச் சாய்ந்து, பிளாட்டோடு 70, 80 டிகிரி இருக்கட்டும். பழைய துண்டில் நேர்கோடாக ரன் (ஒரே ஓட்டமாகப் போடும் வெல்டுக் கோடு) ஓட்டிப் பழகிய பிறகே உங்கள் ஜாப்பைத் தொடுங்கள்.

பட் ஜாயின்ட்டுக்கு இரண்டு துண்டையும் 2, 3 மி.மீ. இடைவெளி விட்டு வைத்து, இரண்டு முனையிலும் டேக் (துண்டுகள் நகராமல் பிடிக்கும் சிறு வெல்டு) அடியுங்கள். டேக் அடித்ததும் மட்டம் பாருங்கள். கோணியிருந்தால் இப்போது தட்டித் திருத்தலாம், முழு ரன் ஓட்டிய பிறகு முடியாது. வெல்டு ஆறும்போது சுருங்கி பிளாட்டை மேல்பக்கமாக இழுக்கும். அனுபவசாலிகள் முன்கூட்டியே இரண்டு, மூன்று டிகிரி எதிர்ப்பக்கம் சாய்த்து டேக் அடிப்பார்கள், ஆறியதும் தானாக நேராகிவிடும்.

லேப் ஜாயின்ட் சுலபம்: ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் அங்குலம் ஏற்றி வைத்து, ஓரத்தில் ஓட்டினால் சரி. டீ ஜாயின்ட்டில் ராடை இரண்டு பிளாட்டுக்கும் நடுவே 45 டிகிரியில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் நிற்கும் பிளாட் அந்தப் பக்கம் சாயும் என்பதால் முதலில் இரு பக்கமும் டேக் அடித்துவிடுங்கள்.

ரன் முடிந்ததும் மேலே கறுப்பு ஓடாக ஸ்லாக் படிந்திருக்கும். சிவப்பு போய் ஆறட்டும். ஷீல்டை இறக்கினாலும் கண்ணில் வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி (காகில்ஸ்) போட்டுக்கொண்டு, முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தெறிக்கும்படி சிப்பிங் ஹேமரால் தட்டுங்கள். சூடான ஸ்லாக் கண்ணில் பட்ட கதைகள் ஒவ்வொரு வொர்க்‌ஷாப்பிலும் உண்டு. வெல்டு ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஆம்பியர் அதிகம் அல்லது ஆர்க் நீளம். ஊசித்துளைகள் இருந்தால் ஈரமோ துருவோதான், மேலே சொன்னதைப் போய்ப் படியுங்கள். உலோகம் உள்ளே இறங்காமல் மேலே மட்டும் மேடாகக் குவிந்திருந்தால் ஆம்பியர் போதவில்லை.

கேஸ் வெல்டிங்கைப் பெரும்பாலும் செய்து காட்டுவதோடு விட்டுவிடுவார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் கறுப்பு, வலப்புரி மரை. அசிட்டிலீன் சிலிண்டர் மெரூன், இடப்புரி மரை, மாற்றி மாட்டவே முடியாது. ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தானே தீப்பிடிக்கும். அசிட்டிலீனுக்குத் தாமிரக் குழாய் ஆகாது. முதலாண்டுக்கு இது போதும்.

மணல்: பதம் பார்ப்பது

மோல்டிங் ஷெட்டுக்கு வந்தால் புழுக்கம் குறைவு, குனிந்து செய்யும் வேலை அதிகம். சிலிக்கா மணல், பென்டோனைட் களிமண், தண்ணீர் மூன்றும் சேர்ந்ததுதான் கிரீன் சாண்ட். களிமண் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை போகும், தண்ணீர் நான்கிலிருந்து ஆறு சதவீதம், மீதி மணல்.

சில்வர் பீச்சில் இவ்வளவு மணல் கிடக்கிறதே, அதை ஏன் அள்ளி வரக் கூடாது என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்விதான். கடற்கரை மணலில் களிமண் இல்லை, பிடிமானம் வராது. கிளிஞ்சல் துகள் இருக்கிறது; அது சுண்ணாம்பு, உருகிய இரும்பின் சூட்டில் சிதைந்து கரியமில வாயு விடும். உப்பு வேறு, மணல் சூடு தாங்கும் அளவைக் குறைத்துவிடும். இதற்கு நேர்மாறாக நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகளில் காவிரி வண்டலிலேயே அச்சு எடுக்கிறார்கள், அதில் பிடிமானம் இயல்பாகவே இருக்கிறது.

மணலுக்குத் தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். தெளித்து, மண்வெட்டியால் புரட்டி, மறுபடி தெளித்து, ஈரச்சாக்கு போட்டு மூடிக் கொஞ்ச நேரம் விடுங்கள். களிமண் தண்ணீரை இழுத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். அப்புறம் சலித்தெடுங்கள். பதம் புட்டுமாவுப் பதம்தான்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரல் ரேகை பதிய வேண்டும், இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிராமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. மழைக்காலத்தில் குவியலின் அடிமணல் ஏற்கெனவே நனைந்திருக்கும். மேலும் தண்ணீர் சேர்க்கும் முன் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கோடையில் மேல்மணல் நீங்கள் இடித்து இறுக்கிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும்.

ஈரம் இவ்வளவு முக்கியமாவது ஏன்? தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். மணலுக்குள் வழி இல்லையென்றால் அது உலோகத்துக்குள் புகுந்து குமிழ்த் துளையாகும். மிக அதிகமானால் உருகிய உலோகத்தையே வெளியே வீசியடிக்கும்.

டிராக், பிறகு கோப்

வார்க்கப் போகும் பொருளின் மாதிரிதான் பேட்டர்ன். மணல் நிரப்பும் இரண்டு பெட்டிகளில் கீழ்ப்பெட்டி டிராக், மேல்பெட்டி கோப். பலகைமேல் பேட்டர்னைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். சுற்றி டிராக் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஓரத்துக்கும் பேட்டர்னுக்கும் இடையே நான்கு விரல் இடமாவது இருக்கட்டும். முதலில் நைஸாகச் சலித்த மணலைப் பேட்டர்ன் மூடும்படி போட்டு விரலால் அமுக்குங்கள். அதன்மேல் மணலைக் கொட்டி, ராமரின் (மணலை இடிக்கும் கருவியின்) கூர்முனையால் பெட்டியின் ஓரங்களில் முதலில் குத்தி, பிறகு தட்டை முனையால் நடுவில் இறுக்குங்கள். ஒரே தடவையில் பெட்டியை நிரப்பி இடித்தால் மேலே மட்டும் இறுகும், அடியில் பொலபொலவென்று இருக்கும். அடுக்கடுக்காகப் போடுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் லேசாகப் பதியும் அளவுக்கு இறுகினால் சரி. அதற்குமேல் வீரம் காட்டினால் மணலுக்குள் காற்றுப் போக வழி இருக்காது.

மேலே ஸ்ட்ரைக் ஆஃப் பாரால் வழித்துச் சமன் செய்து, வென்ட் ஒயரால் குத்தித் துளை போடுங்கள். கம்பி பேட்டர்னைத் தொடக் கூடாது, ஒரு விரலகலம் மேலேயே நிற்க வேண்டும். இப்போது இருவராகச் சேர்ந்து, அடிப்பலகையோடு பெட்டியைப் புரட்டுங்கள். பேட்டர்னின் தட்டைப் பக்கம் மேலே தெரியும். இரண்டு பாதியாக உள்ள ஸ்ப்ளிட் பேட்டர்ன் என்றால், அதன் மறுபாதியை டவல் பின் (இரு பாதியையும் இணைக்கும் முளை) பொருந்தும்படி இப்போது வைக்க வேண்டும்.

பார்ட்டிங் சாண்டைப் பரவலாகத் தூவுங்கள். களிமண் கலக்காத உலர்ந்த நைஸ் மணல் அது. இதை மறந்தால் இரண்டு பெட்டியும் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது மோல்டே போய்விடும். பேட்டர்ன்மேல் விழுந்ததைத் துருத்தியால் ஊதி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது.

கோப் பெட்டியை மேலே வைத்து, பேட்டர்னிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஸ்ப்ரூ பின்னையும் (உலோகம் ஊற்றும் துளைக்கு), எதிர்ப்பக்கம் ரைசர் பின்னையும் (உலோகம் நிரம்பி மேலே வரும் துளைக்கு) நிறுத்துங்கள். அகலமான முனை மேலே. மறுபடியும் மணல், ராமர், வழிப்பது, வென்ட். பின்களை லேசாக ஆட்டி உருவுங்கள். ஸ்ப்ரூ வாயில் குழிவாக ஒரு கிண்ணம் வெட்டுங்கள். கோப்பைத் தூக்கும் முன் பெட்டிகளின் மூலையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின் தேய்ந்த பழைய பெட்டிகளில் அந்தக் கோடுதான் துணை. தூக்குவது நேராக, இருவரும் ஒரே நேரத்தில்.

பேட்டர்னை எடுப்பது

மொத்த வேலையும் கெடுவதும் பிழைப்பதும் இங்கேதான். ஸ்வாபில் (நார்த் தூரிகையில்) இரண்டு சொட்டுத் தண்ணீர் எடுத்துப் பேட்டர்னைச் சுற்றி விளிம்பில் மட்டும் தடவுங்கள். டிரா ஸ்பைக்கை (பேட்டர்னைத் தூக்கும் கூர்கம்பியை) நடுவில் இறக்கி, நான்கு பக்கமும் மெதுவாகத் தட்டுங்கள். பேட்டர்னுக்கும் மணலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்த பிறகு நேராக மேலே தூக்குங்கள். நடுவில் நிறுத்திச் சாய்த்துப் பார்க்க வேண்டாம். பேட்டர்ன் பக்கங்கள் ஒன்றிரண்டு டிகிரி சாய்வாக இருப்பதே இது சுலபமாக வெளிவரத்தான். ஓரம் கொஞ்சம் உதிர்ந்தால் ஸ்லிக்கால் (சிறு கரண்டியால்) ஈரமணலை வைத்து ஒட்டலாம், பாதிச் சுவரே விழுந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

ஸ்ப்ரூ இறங்கும் இடத்திலிருந்து குழிக்கு ஆழம் குறைந்த கால்வாயாக கேட் வெட்டுங்கள். உதிரி மணலைத் துருத்தியால் ஊதிவிட்டு, கோட்டைப் பார்த்து மூடுங்கள். முதலாண்டில் உலோகம் ஊற்றுவது அபூர்வம். ஊற்றினால் பெரும்பாலும் அலுமினியம். 660 டிகிரியில் உருகும், அதற்குமேல் கொஞ்சம் சூடேற்றி ஊற்றுவார்கள். அப்போது கான்கிரீட் தரையில் நிற்காதீர்கள், மணல் பரப்பிய இடத்தில் நில்லுங்கள். உருகிய உலோகம் கான்கிரீட்டில் சிந்தினால் அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தரையே வெடித்துத் தெறிக்கும்.

வைவாவில் கோப் மேல் ஏன் எடை வைக்கிறோம் என்று கேட்பார்கள். மணலைவிட உலோகம் கனம் என்பதால் அது கோப்பைத் தூக்கப் பார்க்கும். பேட்டர்ன் ஏன் பொருளைவிடப் பெரிது? ஆறும்போது வார்ப்பிரும்பு மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ., எஃகு சுமார் 20 மி.மீ. சுருங்கும். சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நடராஜர் இப்படி வார்த்ததா என்று கேட்கிறவர்களும் உண்டு. இல்லை, அந்தச் சிலைகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வார்ப்பவை. அச்சை உடைத்தால்தான் சிலை வரும்.

உங்கள் மோல்டையும் மார்க் போட்டதும் உடைக்கச் சொல்வார்கள். அதற்கு முன் ஸ்கேல் வைத்துக் குழியின் ஆழம், ஸ்ப்ரூ இருக்கும் தூரம், கேட்டின் அகலம் எல்லாவற்றையும் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரெகார்டில் வெட்டுத் தோற்றம் வரைய அது வேண்டும். பக்கத்து ஆள் நோட்டைப் பார்த்து வரைந்தால், ஸ்ப்ரூவும் ரைசரும் இடம் மாறியிருப்பதை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.